கைக்குழந்தையுள்ள வீட்டில் இரவு நித்திரை

கிராமத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததென்றால் ஊரார் முதலில் விசாரிப்பது ஆணா, பெண்ணா என்பது. அடுத்தபடியாக விசாரிப்பது குழந்தையின் எடை. பெற்றவள் நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேட்பவர் அரியர். பிள்ளை பெற்றவர்களுக்குத் தூக்கம் கெடுவது இயல்புதானே, அதைப்பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பதே பொதுவான எண்ணம். இயல்பு என்பது மெய்தான். ஆயினும், மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதும் இயல்பே. அதற்காக எவரும் கூரை வேயாமல் இருந்துவிடுவதில்லை. ஆகையால் இவ்விஷயத்தை நமது அங்கத்தினர்கள், முக்கியமாக ஆண் அங்கத்தினர்கள், சிறிது பொறுமையுடன் படிக்கவேண்டுகிறோம்.

ஜெர்மனி தேசத்தில் ஆயிரக்கணக்கான பெற்றோர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிரசவத்துக்குப் பிந்திய முதல் 3 மாதங்களில், கர்ப்பத்துக்கு முன்பு தூங்கியதைவிடத் தாய்மார்கள் நாளொன்றுக்குச் சராசரி 1 மணி நேரமும், தந்தையர்கள் சுமார் 15 நிமிஷமும் குறைவாகத் தூங்கினர் என்றும், இருவரது நித்திரையும் 6 ஆண்டுகள் வரையிலும் பழைய நிலைக்கு முற்றிலும் திரும்பவில்லை என்றும் அதில் கண்டது. ஒரு மணி நேரம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தூக்கம் குறைந்த அளவைமட்டும் பார்த்தால் போதாது. அது துண்டு துண்டாகப் போய்விடுவதையும் பார்க்கவேண்டும். நூறு ரூபாயை ஒரே தொகையாகப் பெறுகிறவன் ஒரு ஏர் உழவுக்குக் கொடுக்கலாம். அதையே தினம் ஒரு ரூபாயாகப் பெறுகிறவனுக்கு அது வெற்றிலை பாக்குக்கே சரியாகிவிடும். ஆறு தடவை எழுந்து தூங்கிய 7 மணி நேரமும் அத்தகையதே. தேகத்தின் களைப்பை ஆற்றுகிற ஆழ்ந்த உறக்கம் தொடர்ந்து தூங்கினால்தான் போதுமான அளவு கிட்டும்.

இதனால் வரும் தீங்கு கொட்டாவியோடு நின்றுவிடுவதில்லை. 17 முதல் 19 மணி நேரம் வரை தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கையோட்டத்தையும் கவனத்தையும் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயச் சத்து உள்ளவன் எவ்வளவு தடுமாறுவானோ, அவ்வளவோ அதற்கு மேலோ அவர்கள் தடுமாறினார்கள். நமது தேசத்தில் வாகனம் ஓட்டுவோர்க்குச் சட்டம் விதித்துள்ள எல்லை 30 மில்லிகிராம். எனவே, இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த தகப்பன் விடியற்காலையில் டிராக்டரில் ஏறினாலும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கையால் கட்டுகளைக் கொடுத்தாலும், ஒரு சொட்டுக்கூடக் குடியாமலே குடித்தவன் நிலையில் இருக்கிறான். மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது மோட்டார் போடவும் மடை திருப்பவும் எழுந்து போகிறவர்கள் இதை இரட்டிப்பாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனிக் குழந்தை ஏன் விழிக்கிறது என்று பார்ப்போம். பிறந்த சிசு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். தூக்கம் குறைவென்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் ஒரேயடியாக 2 மணி அல்லது 3 மணி நேரத்துக்கு மேல் அது தூங்குவது அபூர்வம். அதன் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பால் எளிதில் சீரணமாவது. ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை வரை அது பால் குடித்தாக வேண்டும். இரவில் அழுகிற குழந்தைக்குத் தாயிடம் பால் போதவில்லை என்று முடிவு கட்டி, புட்டியைத் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். இரவில் குடிப்பதனால்தான் பால் சுரப்பும் நிலைக்கிறது.

மற்றொரு காரணம், பகல் இரவு என்னும் பேதம் சிசுவுக்குத் தெரியாமை. பெரியவர்களின் மூளையில் பொழுதை அளக்கும் உறுப்பு ஒன்று உண்டு. இருட்டியதும் ‘மெலடோனின்’ என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து உறக்கத்தை அழைக்கிறது. குழந்தைக்கு இந்த ஏற்பாடு பிறந்து 2, 3 மாதங்கள் சென்ற பிறகே ஒழுங்குபடத் தொடங்குகிறது. அதுவரையில் அதற்கு நடுநிசியும் நடுப்பகலும் ஒன்றே. வேடிக்கையான செய்தி ஒன்று: தாய் இரவில் கொடுக்கும் பாலில் இந்த மெலடோனின் இருக்கிறது, பகற்பாலில் அநேகமாக இல்லை. தனக்கு இல்லாத கடிகாரத்தைக் குழந்தை தாயிடமிருந்து கைமாற்றாகப் பெறுகிறது என்று சொல்லலாம்.

நாம் செய்யக்கூடியது, பொழுதின் வித்தியாசத்தை அதற்குக் காட்டிக்கொடுப்பதே. விடிந்ததும் கதவு ஜன்னல்களைத் திறந்து வெளிச்சம் படவிட வேண்டும். பகலில் குழந்தை தூங்குகிறதென்று வீட்டை இருட்டாக்கி எல்லோரும் ஜாடையில் பேசவேண்டியதில்லை. அம்மி அரைக்கும் சப்தமும் ஆடு கத்தும் சப்தமும் இருக்கட்டும். இரவில் இதற்கு நேர்மாறாக நடக்கவேண்டும். பால் கொடுக்க எழுந்தால் மங்கலான விளக்கு ஒன்று போதும். கூடம் முழுவதையும் பகலாக்கும் வெள்ளை மின்விளக்கைப் போடுவது, குழந்தையோடு பேசிச் சிரிப்பது, ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் செல்பேசியையும் வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் தாயையும் சேயையும் ஒருங்கே விழிக்கச் செய்யும். மாலையில் உடல் துடைத்து, பால் கொடுத்து, அதே தாலாட்டை அதே ராகத்தில் பாடிப் படுக்கவைத்தால், சில வாரங்களில் அந்த வரிசையே குழந்தைக்கு உறக்கத்தின் அறிவிப்பாகிவிடும். பாட்டுப் புதிதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பழைய பாட்டே மேல்.

தூங்கும் குழந்தை முகம் சுளிப்பதையும், சிரிப்பதையும், உதட்டைச் சப்புவதையும், முனகுவதையும் கண்டு, நரி வந்து விளையாட்டுக் காட்டுகிறது என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். சிசுவின் உறக்கத்தில் ஏறக்குறையப் பாதி இத்தகைய அலைவுள்ள உறக்கம். பெரியவர்களின் நித்திரை சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக வருவதுபோல், குழந்தைக்கு 50 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது நெளியும், சிணுங்கும். சில சமயம் கண்ணையும் திறக்கும். பல வீடுகளில் தாயின் தூக்கம் இந்த இடத்தில்தான் வீணாகிறது. முதற் சிணுங்கலிலேயே குழந்தையை வாரி எடுத்துவிடுகிறார்கள். விழிக்காத குழந்தையை நாமே எழுப்பிவிடுகிறோம். கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரிரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், பல தடவை அது தானே மறுபடி உறங்கிவிடும். பசியானால் சும்மா இராது. கையை வாயில் வைத்துத் தலையைத் திருப்பித் தேடும். அதைக் கண்டதும், வீறிட்டு அழும்வரை காத்திராமல் பால் கொடுக்கவேண்டும். மாலை நேரத்தில் காரணமின்றி அழுவது பிறந்து 6 வாரம் ஆகும்போது மிகுந்து, 3, 4 மாதங்களில் தணிந்துவிடும். அதுவரை தோளில் சாய்த்து நடப்பதைத் தவிரச் சிறந்த மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை.

நடப்பவர் யார் என்பதே கேள்வி. பால் கொடுப்பது ஒன்றைத்தான் தாய் மட்டும் செய்யமுடியும். ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தட்டித் தூங்கவைப்பது ஆகிய மற்றவை எல்லாம் யார் கையிலும் நடக்கும். ஆகையால் இரவை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும்படி யோசனை சொல்கிறோம். இரவு 8 மணிக்குப் பால் கொடுத்துவிட்டுத் தாய் படுத்துக்கொள்ளட்டும். நள்ளிரவு வரையில் குழந்தை பாட்டியிடமோ தகப்பனிடமோ இருக்கட்டும். பசித்தால் தாயிடம் கொண்டுபோய்ப் பக்கத்தில் கிடத்தி, குடித்தவுடன் எடுத்து வந்துவிட வேண்டும். அவள் எழுந்து உட்காரவும் வேண்டியதில்லை. பின்னிரவு தாயின் முறை. இப்படி 4 மணி நேரமாவது பெரும்பாலும் கலையாத தூக்கம் அவளுக்குக் கிடைத்தால், மறுநாள் அவள் வேறு மனுஷியாக இருப்பாள். “நான் ஐந்து பிள்ளை பெற்றேன், எனக்கு யார் முறை வைத்தார்கள்?” என்று கேட்கும் மாமியார் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் காலத்தில் ஒரே கூரையின்கீழ் நாத்தனாரும் ஓரகத்தியும் சின்னம்மாவும் இருந்தார்கள் என்பதை மரியாதையாக ஞாபகப்படுத்தலாம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் நாட்டு வழக்கம். அது நல்ல வழக்கமே; ஆனால் அதில் ஒரு குறை உண்டு. தாய்வீட்டில் மூன்று மாதமோ ஐந்து மாதமோ தாங்கப்பட்ட பெண், புருஷன் வீட்டுக்குத் திரும்பிய அன்றே அடுப்படி, மாடு, தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறாள். அதுவரை இரவில் குழந்தையைத் தூக்கியறியாத தகப்பனுக்கோ அதன் அழுகை புதிது. ஆகையால் அவன் அடிக்கடி மாமனார் வீட்டுக்குப் போய் ஓரிரவு தங்கிக் குழந்தையைக் கையாளப் பழகிக்கொள்வது, சீர் வரிசை எதையும்விட உபயோகமானது. குழந்தை பார்க்க வருவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, மூக்கு யார் மாதிரி என்று பார்ப்பதற்காகத் தூங்கும் குழந்தையை எழுப்பச் சொல்கிற பந்துக்கள் நல்ல எண்ணத்துடனேயே வருகிறார்கள். தாய்க்குக் கிடைக்கும் ஒரே பகல் தூக்கம் அவர்களால் போகிறது. “மாலையில் வாருங்கள் அத்தை” என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படுக்கும் இடத்தைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைக்கலாகாது. பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டில் இவ்வாறு தாய்மார்களுக்குப் பிரசாரம் செய்யத் தொடங்கிய பின், காரணமின்றித் தூக்கத்தில் இறக்கும் சிசுக்களின் தொகை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மருந்தும் இயந்திரமும் இன்றி இத்தனை உயிர்களைக் காத்த யோசனைகள் அதிகமில்லை. தரையில் விரித்த பாயும் அதன்மேல் மடித்த பருத்திப் புடவையும் சிசுவுக்கு நல்ல படுக்கை. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, முகத்தை மூடும் போர்வை ஆகியவை வேண்டாம். தாயும் சேயும் ஒரே பாயில் படுப்பது நம்மிடையே தொன்றுதொட்டு வந்தது. ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுத்தால் தாய்க்கு ஓய்வும் கிடைக்கிறது. ஆனால் குழந்தை தாயின் பக்கத்தில் தனித்துணியில் இருக்கவேண்டுமேயன்றி இருவருக்கு நடுவில் அன்று. குறைமாதத்தில் பிறந்ததாயினும், எடை குறைந்ததாயினும், பக்கத்தில் படுப்பவர் குடித்தவராயினும், பீடி சுருட்டுப் பிடிப்பவராயினும், மயக்கந்தரும் மருந்து உண்டவராயினும், தனிப்பாயே தக்கது. நாற்காலியிலோ சுவரில் சாய்ந்தோ மடியில் குழந்தையுடன் கண்ணயர்வது இவை எல்லாவற்றிலும் அபாயமானது.

தூளியைப்பற்றிச் சொன்னால் பலர் மனம் நோகும் என்பது தெரியும். உத்தரத்தில் கட்டிய பழம்புடவையில் ஆடாமல் வளர்ந்தவர் நம்மில் எவர்? ஆயினும், இளஞ்சிசு தூளியில் உடல் வளைந்து, முகவாய் மார்பில் படிந்து கிடக்கும்போது மூச்சுவழி நெருக்குண்ணக்கூடும். கழுத்து நில்லாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இது மெய்யான ஆபத்து. ஆகையால் பகலில், பெரியவர் ஒருவர் கண்ணெதிரில், குறுக்குக் கட்டை கொடுத்து விரித்துக் கட்டிய தூளியில் சிறிது நேரம் விடலாம். இரவுக்குப் பாயே தகும். காலியான தூளியை அவிழ்த்துவிட வேண்டும். மூத்த குழந்தைகள் அதில் முறுக்கி விளையாடும்போது கழுத்தில் சுருக்கேறி இறந்த துக்கச் செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. மேலும், ஆட்டினால்தான் உறங்குவது என்று பழகிய குழந்தை, ஒவ்வொரு சுற்று விழிப்புக்கும் ஆட்டச் சொல்லும். அப்புறம் கயிற்றின் மறுமுனையில் இரவெல்லாம் ஒருவர் உட்காரவேண்டியதுதான்.

கொசுவுக்கு வலையே உத்தமம். கொசுவத்திச் சுருளின் புகையும், நீராட்டிய பின் காட்டும் சாம்பிராணிப் புகையும் சிசுவின் நுரையீரலுக்கு ஆகா. எண்ணெய் தேய்த்து நீராட்டினால் குழந்தை நன்றாக உறங்குகிறது என்பது உண்மையே. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதுவதையும்மட்டும் விட்டுவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் கபவாத சுரத்தை உண்டாக்கும். சித்திரை வெயிலில் குல்லாயும் கம்பளிச் சட்டையும் போட்டு ஜன்னலை அடைப்பது, பனிக்குப் பயந்து புழுக்கத்தில் தள்ளுவதாகும்.

உறக்கத்துக்காக மருந்து கொடுக்கும் வழக்கம் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைப் பட்டணங்களில் அபின் கலந்த பாகு ஒன்று குழந்தைகளுக்காகவே கடையில் விற்கப்பட்டது. பம்பாயில் ஆலை வேலைக்குப் போன தாய்மார்கள் அபின் உருண்டை ஊட்டிவிட்டுப் போன காலமும் உண்டு. குழந்தை அழவில்லை; பசியையும் கேட்கவில்லை; மெலிந்து மெலிந்து இறந்தது. அபின் போயிற்று, எண்ணம் போகவில்லை. இருமலுக்கு உள்ள தூக்க மருந்தைச் சிறிது ஊற்றுவது, பிராந்தி ஒரு சொட்டு, ஜாதிக்காயை இழைத்து நாக்கில் தடவுவது என்று அது வேறு வேறு உருவில் உலவுகிறது. ஜாதிக்காய் மயக்கம் தருவது. பிள்ளை வளர்ப்பான் என்று பேர் பெற்ற வசம்பிலும் நஞ்சுத் தன்மையுள்ள எண்ணெய்ச் சத்து உண்டு. தேனில் உள்ள நுண்கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைகால் தளரும் கொடிய வியாதியை உண்டாக்கக்கூடும். முதல் 6 மாதம் தாய்ப்பாலன்றி, கோடையிலும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. வயிறு நிறைந்தால் நன்றாகத் தூங்கும் என்று அதற்கு முன் கேழ்வரகுக் கூழ் புகட்டுவது, தூக்கத்துக்கு ஆசைப்பட்டு வயிற்றுப்போக்கை விலைக்கு வாங்குவதாகும்.

அழாத குழந்தையைப் புகழ்கிறவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். பிறந்து முதல் இரண்டு வாரங்களில், பிறந்த எடையை மீண்டும் எட்டும்வரை, 3, 4 மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுக்கவேண்டும். 2½ கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு இது மிகவும் அவசியம். எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது, நிமிஷத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் காண்பது ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குத் தெரிவித்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

தாயின் களைப்பு எல்லாம் தூக்கக் குறைவாலேயே வருவதன்று. நம் பெண்களில் இரத்தக் குறைவு மிகுதி. பிரசவத்தில் இழந்த இரத்தமும் சேர்ந்தால், தூங்கி எழுந்தாலும் அயர்வு தீராது. பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை உண்ணவேண்டும் என்பது சர்க்கார் ஏற்பாடு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் அது இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கி வந்து மாடத்தில் வைத்திருக்கும் வீடுகள் பல.

இதனினும் முக்கியம் மனத்தின் நிலை. பிரசவித்த சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும் எரிச்சல் கொள்வதும் பெரும்பாலோர்க்கு உண்டு; இரண்டு வாரத்துக்குள் அது தானே தெளியும். தெளியாமல் நீடித்தாலும், குழந்தை உறங்கும்போதுகூட அவளுக்கு உறக்கம் வராவிட்டாலும், குழந்தையிடம் பற்றற்று இருந்தாலும், தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலும் அது வியாதி. சிலர் முதல் சில நாட்களிலேயே இரவு பகலாகத் தூக்கமின்றிப் பிதற்றத் தொடங்குவார்கள். பேய் பிடித்ததென்று மந்திரிக்க அழைத்துப்போவதில் கழியும் ஒவ்வொரு நாளும் இரண்டு உயிருக்கு ஆபத்து. இவை மருந்தால் குணமாகிறவை. 2022-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் தொடங்கிய மனநலத் தொலைபேசி 14416 இரவிலும் பேசும். நிலை முற்றியிருந்தால் தொலைபேசியோடு நில்லாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகவேண்டும். அதுவரை அவளைத் தனியே விடலாகாது.

கூட்டுறவுச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிரசவச் செலவுக்கு வெளியில் வட்டிக்கு வாங்கியவள் நாற்பது நாள் ஆகுமுன்பே நடவுக்கு இறங்குகிறாள். பகலில் சேற்றில் நிற்கிறவளுக்கு இரவு முறை வைத்துப் பயனில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே செவிலியரிடம் பதிந்துகொண்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நடக்கும் மகப்பேறு உதவித் திட்டத்தின்கீழ் தகுதியுடையோர்க்குத் தவணைகளாகப் பணம் வருகிறது. சங்கக் கூட்டத்தில் இதை நினைவூட்டுவதும், பிரசவத்தை எதிர்பார்க்கும் வீட்டார் சில மாதம் முன்பே சிறுசேமிப்புப் பிடிக்கத் தொடங்குவதும் கடினமல்ல. அறுவடையில் இன்று உன் வயல், நாளை என் வயல் என்று ஆள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அதுபோலவே அடுத்த வீட்டுப் பெண் மத்தியானம் இரண்டு மணி நேரம் குழந்தையைத் தன் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம். அவள் முறை வரும்போது இவள் செய்வாள்.

நான்காம் மாதத்தை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் இரவில் தொடர்ந்து சில மணி நேரம் தூங்கத் தொடங்கும். பிறகு பல் முளைக்கும்போதும் சளி பிடிக்கும்போதும் மறுபடி விழிக்கும். பழகியது கெட்டுவிட்டதென்று கலங்கவேண்டாம். ஆறு மாதம் சென்று, திட ஆகாரமும் தொடங்கி, எடையும் சரியாக ஏறிவருமாயின், விழித்த போதெல்லாம் பால் கொடாமல் தட்டி உறங்கவைத்துப் பார்க்கலாம். பாதி உறக்கத்தில் பாயில் கிடத்திவிட்டால் தானே உறங்கப் பழகிக்கொள்ளும். மேல்நாடுகளில் குழந்தையைத் தனியறையில் அழவிட்டுப் பழக்குவதுண்டு. ஓர் அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் அது நடவாது. குழந்தைக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் அழுதுவிடுவார்.